பம்பருக்கு நரை

பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வானின் பின்பக்க நம்பர் பிளேட்டைக் கழற்ற வேண்டி வந்தது. திருகாணி துருவேறிப்போய் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிய பிறகுதான் தகடு கையோடு வந்தது. அதன் கீழே ஒரு நீள்சதுரம், நேற்றுப் போட்ட தார் றோட்டைப் போலக் கன்னங்கரேலென்று இருந்தது. சுற்றியிருந்த பம்பரோ அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்தது போல வெளிறிக் கிடந்தது. ஒரே அச்சில் ஒரே நாளில் வார்த்த ஒரே பிளாஸ்டிக்தான் இரண்டும்.

பக்கத்து வீட்டுக் காக்கா எட்டிப் பார்த்தார். முச்சக்கர வண்டி ஓட்டிப் பழுத்தவர், வெண்தாடிக்கு மருதோன்றி பூசுபவர். “கறுப்புப் போயிட்டு தம்பி. நரைச்சிப் போன சாமான், இனி டை அடிச்சாத்தான் உண்டு” என்றார்.

ஊரில் எல்லோரும் இதை நரை என்றுதான் சொல்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் நம்மைத் தவறான பக்கம் கூட்டிப்போகிற சொல். முடி நரைப்பது மெலனின் என்ற நிறப்பொருள் வேரிலேயே இல்லாமல் போவதால். பம்பரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் விரலைத் தண்ணீரில் தோய்த்து வெளிறிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். கோடு முழுக்கக் கறுப்பு. காற்றில் காய்ந்ததும் மறுபடி சாம்பல். நிறம் போயிருந்தால் தண்ணீர் அதை எங்கிருந்து கொண்டுவரும்?

இந்தச் சின்னப் பரிசோதனையை முதலில் செய்துவிட்டுத்தான் கடையில் பூச்சுப் போத்தல் வாங்கப் போக வேண்டும் என்பது என் கட்சி.

வாகனங்களின் வெளிப்புறக் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் பெரும்பாலானவை பொலிப்புரொப்பிலீன். 1954இல் இத்தாலியின் மிலான் நகரில் கியூலியோ நாட்டா இதன் ஒழுங்கான, கெட்டியான வடிவத்தை உருவாக்கிக் காட்டினார். அதற்கான வினையூக்கிக்கு வழி திறந்தவர் ஜெர்மனியின் கார்ல் சீக்லர். இருவருக்கும் 1963இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மொரிஸ் மைனர் கார்களின் காலத்தில் பம்பர் என்றால் குரோம் பூசிய இரும்பு. 1972இல் வந்த ரெனோ 5 என்ற பிரெஞ்சுக் கார், கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் பம்பரோடு தெருவில் இறங்கியது. பின்னாளில் மலிவும் இலேசும் பார்த்துப் பொலிப்புரொப்பிலீன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பம்பரைக் கழற்றினால் உள்பக்கத்தில் சிறிய எழுத்துகள் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். ‘பிபி’ என்றால் பொலிப்புரொப்பிலீன். ‘ஈபிடிஎம்’ என்றால் இடித்தால் உடையாமல் வளையச் சேர்த்த ரப்பர். ‘டி20’, ‘டிடி20’ போல வந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க், அதாவது குழந்தைக்குப் பூசுகிற பவுடரில் நெடுங்காலம் இருந்த அதே வெள்ளைக் கனிமம். பிளாஸ்டிக் சூட்டில் நெளியாமல் விறைப்பாக நிற்க அதைச் சேர்க்கிறார்கள். கறுப்புக்காகச் சேர்ப்பது புகைக்கரி. விளக்குச் சுடரின் மேல் தட்டைப் பிடித்து மை எடுப்பார்களே, அதன் தொழிற்சாலை வடிவம். ஆகக் கறுப்புப் பம்பருக்குள் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் வெள்ளைத்தூள் ஒளிந்திருக்கலாம். சிறிதளவு கரியே அவ்வளவையும் மூடிவிடுகிறது.

புகைக்கரி வெயிலில் வெளுக்கிற பொருளே இல்லை. இன்னும் சொன்னால் வெயிலிலிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பதே அதுதான். தொலைபேசிக் கம்பிகளுக்கு உறையாகும் பொலித்தீனில் நூற்றுக்கு இரண்டு பங்களவு நுண்ணிய புகைக்கரி கலந்தால் அது பல பத்தாண்டுகள் வெயிலைத் தாங்கும் என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1950களிலேயே காட்டிவிட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் இழுக்கும் குழாய் கறுப்பாக இருப்பதும் அழகுக்காக அல்ல.

கரி அப்படியே இருக்க, கெட்டுப்போவது அதைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக். பொலிப்புரொப்பிலீன் என்பது காபன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியில் கிளை முளைத்திருக்கும். அந்தக் கண்ணியில் ஒட்டியிருக்கும் ஐதரசன் மற்றவற்றைவிட இலேசாகக் கழன்றுவிடும். வலை பின்னுகிறவர்கள் மொழியில், ஒன்றுவிட்டு ஒரு முடிச்சு தளர்ந்த வலை.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சுத்தமான பொலிப்புரொப்பிலீன், தரைக்கு வந்து சேரும் புற ஊதாக்கதிரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. கண்ணாடி போல விட்டுவிடும். ஆனால் தொழிற்சாலையில் உருக்கி அச்சில் அழுத்தும்போதே அங்கங்கே ஒட்சிசன் ஏறிய காயங்கள் உண்டாகிவிடுகின்றன. கதிர் பிடிப்பது அந்தக் காயங்களைத்தான். 300 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிரில் ஒரு மூலுக்குச் சுமார் 400 கிலோயூல் சக்தி உண்டு. காபனும் காபனும் பிணைந்த பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 350 போதும். அறுந்த முனையில் காற்றின் ஒட்சிசன் வந்து ஒட்டும். ஒட்டியது அடுத்த தளர்ந்த முடிச்சிலிருந்து ஓர் ஐதரசனைப் பிடுங்கும். அங்கே இன்னோர் அறுந்த முனை. கிடுகுக் கூரையில் ஓர் ஓலையில் விழுந்த பொறி பக்கத்து ஓலைக்குத் தாவுவது மாதிரிதான். அணைக்க ஆளில்லாவிட்டால் வரிசை வரிசையாகப் போகும்.

அணைக்க ஆள் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். 1970களிலிருந்து பிளாஸ்டிக்கோடு கலக்கப்படும் ஒளி நிலைப்படுத்திகளில் முக்கியமான ஒரு குடும்பத்துக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயர் ஹால்ஸ். தொண்டை கரகரத்தால் சப்பும் மிட்டாயின் பெயர்தான், உறவு ஒன்றுமில்லை. அறுந்த முனைகளைப் பிடித்து அடக்கிவிட்டு, தான் மறுபடி பழைய வடிவுக்குத் திரும்பி அடுத்ததைப் பிடிக்கப் போகும் கெட்டிக்காரப் பொருள். இருந்தாலும் அதுவும் மெல்ல மெல்லக் குறையும். மேற்பரப்பில் அது தீர்ந்த பிறகுதான் நாம் நரை என்று சொல்லும் காட்சி தொடங்குகிறது.

சங்கிலிகள் குறுகக் குறுகப் பிளாஸ்டிக்கின் மேல்தோல் சுருங்கி வெடிக்கும், கோடையில் குளத்து அடிச்சேறு வெடிப்பதைப் போல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவில். உடைந்த துணுக்குகளை மழை கழுவிப்போக, உள்ளே புதைந்திருந்த டால்க் வெளியே தலைகாட்டும். எங்கள் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் மீன்பிடிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. தண்ணீரில் மிதக்கும் பச்சை, நீலக் கயிறுகள் பல இதே பொலிப்புரொப்பிலீன்தான். கரையில் வெயிலில் கிடந்த பழைய கயிற்றைப் பிடித்தால் நார் உடைந்து உள்ளங்கையில் குத்தும், வெள்ளைப்பொடி ஒட்டும். கயிற்றில் நடப்பதும் பம்பரில் நடப்பதும் ஒன்று. பம்பரில் கரி குடைபிடிப்பதால் சேதம் மேலே ஒரு மெல்லிய தோலோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த மெல்லிய தோல் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? ஒளி ஒரு பொருளிலிருந்து வேறொரு பொருளுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு பகுதி திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டின் ஒளிமுறிவுச் சுட்டிகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. காற்றுக்கு 1. பொலிப்புரொப்பிலீனுக்கு 1.49. இந்த எல்லையில் நூற்றுக்கு 4 பங்கு ஒளி திரும்பும். வழவழப்பான பம்பரில் எல்லை ஒன்றுதான், மீதி 96ஐயும் உள்ளே கரி விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரிகிறது. வெடித்த தோலில் ஆயிரக்கணக்கான இடுக்குகள், ஒவ்வொன்றிலும் காற்று. ஒவ்வோர் எல்லையிலும் நாலு நாலாகத் திரும்பி, கரியைச் சென்றடையும் முன்பே ஒளி சிதறி வெளியே வந்துவிடுகிறது. கண்ணாடி தெளிவாக இருக்க, அதை நொறுக்கினால் தூள் வெள்ளையாகத் தெரிவதும், அலை பச்சையாக இருக்க அதன் நுரை வெளுப்பாக இருப்பதும் இதே கணக்கில்தான்.

இடுக்குகளில் தண்ணீர் புகுந்தால்? தண்ணீரின் சுட்டி 1.33. எல்லைக்கு எல்லை திரும்பும் ஒளி நூற்றுக்கு 0.3 ஆகச் சரிந்துவிடும். தேங்காய் எண்ணெய் 1.45. அப்போது வெறும் 0.02. மார்கழிப் பனியில் நனைந்த வாகனம் விடியற்காலையில் கன்னங்கரேலென்று நின்று, ஒன்பது மணி வெயிலில் கிழவனாவதன் இரகசியம் இவ்வளவுதான். மங்கிய கறுப்பு மீட்பு என்று போத்தலில் அடைத்து விற்கும் அநேகமாக எல்லாமே, விலை என்னவாக இருந்தாலும், அந்த இடுக்குகளில் காற்றுக்குப் பதிலாக வேறெதையாவது நிரப்பும் வேலையைத்தான் செய்கின்றன. நிரப்பியது எத்தனை நாள் தங்கும் என்பதில்தான் போத்தலுக்குப் போத்தல் வித்தியாசம்.

எங்கள் பக்கத்தில் இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே கவலைப்படுத்தும். எங்கள் ஊரான தோப்பூர், மூதூருக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போவது லோஞ்சும் பாதையும் மாறிமாறி ஏறுகிற சமாச்சாரம். (பாதை என்றால் எங்கள் ஊரில் ஆற்றைக் கடக்கும் மிதவை, வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) இன்று வாசலுக்கு வாசல் ஏதோ ஒன்று நிற்கிறது: ஸ்கூட்டி, முச்சக்கர வண்டி, கெப், ஜப்பானில் ஏற்கனவே ஓடி முடித்து வந்த வான். ஜப்பானில் ஓடியபோது அந்த வானுக்கு இவ்வளவு வெயில் இல்லை. நகோயாவில் சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. திருகோணமலையில் ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும், நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். மேகமில்லாத நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேலே வேறு படியே கிடையாது. அதோடு மே தொடங்கிக் கச்சான் காற்று. மழையில்லை, புழுதி உண்டு, வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கை வைக்க முடியாது. சூடு ஏற ஏறச் சங்கிலிகள் அறும் வேலையும் வேகமெடுக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை இலங்கை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பொருளாதாரம் விழுந்தது வேறு. புதிது வராத அந்த ஐந்து ஆண்டுகளில் இருப்பதைப் பேணிக்கொள்வதைத் தவிர வழி இருக்கவில்லை. பழைய வானின் பம்பரைப் பற்றி இவ்வளவு யோசிக்க நான் பழகியதும் அப்போதுதான்.

இனி செய்முறைக்கு வருவோம். முதலில் கழுவுதல். மேலோட்டமாக அல்ல. பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் பழைய பல் தூரிகையும் எடுத்துச் சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் தேய்க்க வேண்டும். பெயின்ட் பகுதிக்குப் பூசிய மெழுகுப் பொலிஷ் கைதவறிப் பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்தாலும் வெள்ளைத் திட்டாக நிற்கும். அது நரை அல்ல, தேய்த்தால் போகும். பிறகு நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். உள்ளே ஈரமோ பழைய எண்ணெயோ இருந்தால் புதிதாகப் போடுவது புகுவதற்கு இடமில்லை.

தேங்காய் எண்ணெய் பூசலாமா? பூசலாம், கலியாணத்துக்குப் போகும் அன்று காலையில். 0.02 என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கின்படி கறுப்பு அற்புதமாக வரும். ஆனால் தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகுகிற எண்ணெய் அல்ல. திரவமாகவே கிடந்து வழியில் உள்ள புழுதியையெல்லாம் வரவேற்று உட்கார வைக்கும். வான் ஒருநாள் வயற்பக்கம் போய்த் திரும்பினால் மாப் பிசைந்த பாத்திரம் மாதிரி இருக்கும். ஆளிவிதை எண்ணெய், அதாவது கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் ஒயில், வேறு சாதி. காற்றின் ஒட்சிசனைக் குடித்து இறுகிப் படலமாகும். சில மாதம் நிற்கும். அதைத் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடக் கூடாது, இறுகும்போது வெளிவரும் சூட்டில் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் போட வேண்டும்.

டீசலாலும் கழிவு எஞ்சின் ஒயிலாலும் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கறுக்கும், உண்மைதான். ஆனால் பம்பரில் கலந்திருக்கும் ரப்பர் டீசலைக் குடித்து ஊதும். கழிவு ஒயிலோ தோலுக்கு ஆகாது. சப்பாத்துப் பொலிஷ் முதல் மழையில் வழிந்து, சாய்ந்து நிற்பவரின் வெள்ளைச் சாறத்தில் போய்ச் சேரும்.

சிலிக்கோன் சேர்ந்த பூச்சுகள் எண்ணெயைவிட ஒரு படி மேல். சிலிக்கனும் ஒட்சிசனும் பிணைந்த பிணைப்பை அறுக்க மூலுக்கு 450 கிலோயூலுக்குச் சற்று மேலே வேண்டும். வெயிலின் கை அங்கே எட்டாது. ஆனால் இறுகாத சிலிக்கோனும் மழையில் மெல்ல ஓடிவிடும். காற்றின் ஈரத்தைப் பிடித்து இறுகும் வகை, செரமிக் என்று விற்கப்படுவது, இடுக்குக்குள் புகுந்து கண்ணாடி போன்ற வலையாகக் கெட்டிப்படும். அதுதான் நெடுநாள் நிற்பது. ஓர் எச்சரிக்கை: சிலிக்கோன் பட்ட பம்பருக்குப் பிறகு பெயின்ட் அடிக்கக் கொண்டுபோனால் டிங்கர் கடையில் ஏச்சுத்தான் கிடைக்கும். பெயின்ட் வட்டவட்டமாக விலகி மீன்கண் போடும்.

பெயின்டே அடித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பொலிப்புரொப்பிலீன் எதையும் ஒட்டவிடாத பிறவி. தண்ணீர் விட்டால் முத்து முத்தாக நிற்கும். தொழிற்சாலையில் பம்பருக்கு வண்ணம் அடிக்கும் முன்பு அதன் மேல் நெருப்புச் சுடரை ஒரு வீச்சு ஓடவிட்டு அல்லது தனிப் பிரைமர் பூசித்தான் ஒட்ட வைக்கிறார்கள். பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் ஸ்பிரே அடித்தால் ஆறு மாதத்தில் வெங்காயத் தோலாக உரியும். பிறகு நரையே தேவலை என்றாகிவிடும். முகப்பு விளக்கின் மஞ்சளைப் போக்குவது போல மண்தாள் போட்டுத் தேய்ப்பதும் இங்கே செல்லாது. அது பொலிகாபனேற்று, வழவழப்பு. இங்கே சொரசொரப்பே அழகு, தேய்த்தால் அது திரும்ப வராது.

பையன்களுக்குப் பிடித்த வித்தை ஹீட் கன். வெப்பக்காற்று பட்ட இடம் கண்ணெதிரே கறுப்பாக மாறும், ஊரே கூடிப் பார்க்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வருகிறது என்று விளக்கமும் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. பொலிப்புரொப்பிலீன் சுமார் 160 பாகை செல்சியசில் உருகும். மேல்தோல் உருகி வெடிப்புகள் மூடுகின்றன, வெளியே தலைகாட்டிய டால்க் மறுபடி பிளாஸ்டிக்குக்குள் புதைகிறது. காற்று வெளியே போய்விட்டது, நிரப்பியது வேறெதுவுமல்ல, அதே பிளாஸ்டிக். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோலில் சங்கிலிகள் ஏற்கனவே குறுகிவிட்டவை, காவலுக்கு இருந்த ஹால்ஸும் தீர்ந்துவிட்டது. ஆகவே இரண்டாவது நரை முதலாவதைவிட விரைவாக வரும். ஓரிடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நிறுத்தினால் சொரசொரப்பு உருகி மினுங்கும், ஓரம் நெளியும், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கும். செய்தே தீர வேண்டுமென்றால் ஒருமுறை செய்து, ஆறியதும் மேலே பூச்சு ஒன்றைப் போட்டுவிட வேண்டும். லைட்டரையும் காஸ் டோர்ச்சையும் வாகனத்துக்குக் கிட்டக் கொண்டுவருவது பற்றிப் பேசவே வேண்டாம், பெற்றோல் தாங்கி பக்கத்திலேயே இருக்கிறது.

என் வானில் இடப்பாதிக்குத் தேங்காய் எண்ணெயும் வலப்பாதிக்கு இறுகும் பூச்சும் போட்டேன். பெருநாள் காலையில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை, உண்மையில் எண்ணெய்ப் பக்கம் ஒரு பங்கு கூடவே கறுப்பு. மூன்றாம் வாரம் இடப்பக்கம் செம்புழுதி. வலப்பக்கம் அப்படியே.

காக்கா இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினார். பத்து வருடமாக முற்றத்தில் மழைக்கும் வெயிலுக்கும் கிடக்கும் கதிரை. கையை வைத்தால் பவுடர் ஒட்டுகிறது.

“இதுக்கும் அதைப் பூசேலாதா?”

பூசலாம், பளபளக்கும் என்றேன். அதுவும் பொலிப்புரொப்பிலீன்தான். ஆனால் அதில் கரி இல்லை, காலும் மெல்லியது, வெடிப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வெளியே தெரியாது. பூச்சு இடுக்கை மறைக்கும், அறுந்த சங்கிலியைக் கோக்காது. பம்பர் யாரையும் சுமப்பதில்லை, கதிரை சுமக்கிறது.

காக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து, கதிரையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.